வட்டம் சுற்றாமல் ஓட: சொந்தத் தளத்தில் வீடியோவும் ஆடியோவும்

நண்பர் ஒருவரின் நாற்பது நிமிட உரையை என் தளத்தில் ஏற்றி, இணைப்பை அவருக்கே அனுப்பியிருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் பேசியதை நானே கேட்கக் கொடுத்துவைக்கவில்லை போலிருக்கிறது." என் கணினியில் அதே கோப்பைத் திறந்தேன், உடனே ஓடியது. அவருடைய இணைய வேகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். குறை என் கோப்பில்தான் இருந்தது. சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள்.

ஸ்ட்ரீமிங் என்றதும் தனி சர்வர், மாதச் சந்தா, பெரிய மென்பொருள் என்று மனம் மிரளும். சில உரைகளையும் பாடல்களையும் குறும்படங்களையும் வைக்க நினைப்பவருக்கு இவை எதுவும் வேண்டாம். பொத்தானை அழுத்தியதும் ஓடத் தொடங்க வேண்டும். நடுவில் எங்கே தொட்டாலும் அங்கிருந்து ஓட வேண்டும். முழுக் கோப்பும் இறங்கும்வரை யாரும் காத்திருக்கக் கூடாது. இவ்வளவையும் சாதாரண ஹோஸ்டிங்கே, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்க நாம் எடுக்கும் இடமே, செய்துவிடும். அதற்குக் கோப்பு முறையாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கேட்ட துண்டை மட்டும் எடுத்துக்கொடுக்கச் சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று பிசகும்போதுதான் வட்டம் சுற்றுகிறது.

தேடும்போது பழைய வழிகாட்டிகள் நிறையக் கண்ணில் படும். இணையத்தில் ஒலியை ஓட்டிய ரியல்ஆடியோ என்ற மென்பொருள் 1995இல் வந்த காலத்து உத்திகள், ஃபிளாஷ் பிளேயரைப் பக்கத்தில் பதிக்கும் முறைகள் எல்லாம் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. ஃபிளாஷ் என்ற சொல்லைக் கண்டதும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

முதல் வேலை: கோப்பை இளைக்க வைப்பது

போனில் எடுத்த வீடியோவை அப்படியே ஏற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. போன் தரத்தைப் பார்க்குமே தவிர அளவைப் பார்க்காது. கணக்கு எளிது: பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் பிட்களின் எண்ணிக்கையை, நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் (எட்டு பிட் ஒரு பைட்) கோப்பின் அளவு வந்துவிடும். நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவான நாற்பது நிமிட உரை ஏறத்தாழ 5,100 மெகாபைட், அதாவது 5 ஜிபிக்கு மேல். அதையே 1.5 மெகாபிட்டுக்குக் குறைத்தால் 450 மெகாபைட். ஒருவர் நின்று பேசும் காட்சிக்கு அதுவே போதும். மரங்கள் அசையும், கூட்டம் நகரும், கேமரா திரும்பிக்கொண்டே இருக்கும் காட்சிகளுக்குத்தான் கூடுதல் பிட் தேவை.

இளைக்க வைக்க ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். கட்டளை வரிக்குப் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக்கைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான்: கோப்பின் வடிவம் எம்பி4, வீடியோ கோடெக் ஹெச்.264, ஆடியோ கோடெக் ஏஏசி. கோடெக் என்பது படத்தையோ ஒலியையோ சுருக்கி அடைக்கும் முறை. ஹெச்.264 வந்தது 2003இல். அதைவிடச் சுருக்கமாக அடைக்கும் கோடெக்குகள் பின்னால் வந்துவிட்டன. 2018இல் வந்த ஏவி1 அவற்றில் கெட்டிக்காரப் பிள்ளை. ஆனாலும் இன்று புழக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லா பிரவுசரும், பழைய போன்கள் உட்பட, முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வது ஹெச்.264ஐத்தான். ஒரே ஒரு கோப்பைத்தான் வைக்கப்போகிறோம் என்றால் அதுவே சரி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஐபோன்கள் 2017 முதல் ஹெச்.265 கோடெக்கிலும் பதிவுசெய்கின்றன. கோப்பின் பெயரைப் பார்த்து இது தெரியாது. சில பிரவுசர்களில் படமும் ஒலியுமாக ஓடும், சிலவற்றில் ஒலி மட்டும் வரும், சிலவற்றில் கறுப்புத் திரைதான். கோப்பின் வால் எம்பி4 என்று இருப்பதால் மட்டும் எல்லா இடத்திலும் ஓடிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். எம்பி4 என்பது பெட்டி. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஹெச்.264இலேயே 10 பிட் நிறத்தில் அடைத்த கோப்பும் பிரவுசர்களில் தகராறு செய்யும். 8 பிட்டாகவே வையுங்கள்.

தரத்தைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு: பிட்ரேட்டை எண்ணாகக் கொடுப்பது, அல்லது 'இந்தத் தரம் வேண்டும், பிட்ரேட்டை நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிடுவது. இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். எஃப்எஃப்எம்பெக்கில் இதற்குச் சிஆர்எஃப் என்று பெயர். 8 பிட்டுக்கு எண் 0 முதல் 51 வரை. குறைந்த எண் என்றால் உயர்ந்த தரம், பெரிய கோப்பு. தானாக வருவது 23. நான் 22க்கும் 25க்கும் இடையில் ஒன்றை வைத்து ஒரு நிமிடத் துண்டை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பேன். கண்ணுக்குச் சரியென்று பட்டால்தான் முழுக் கோப்பையும் மாற்றத் தொடங்குவேன். இரவெல்லாம் மாற்றிவிட்டுக் காலையில் எழுத்துகள் கலங்கித் தெரிவதைப் பார்த்த அனுபவம் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

இரண்டாவது வேலை: பொருளடக்கத்தை முன்னால் கொண்டுவருவது

நண்பரின் உரை ஓடாததற்குக் காரணம் இதுதான். ஒரு புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. புத்தகமோ ஒவ்வொரு தாளாகத்தான் கைக்கு வருகிறது. எந்த அத்தியாயம் எங்கே என்று தெரிந்துகொள்ளக் கடைசித் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். எம்பி4 கோப்புக்குள்ளும் ஒரு பொருளடக்கம் உண்டு. மூவ் என்று அதற்குப் பெயர். எந்த நொடியின் படம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எந்த ஒலி அதோடு சேர்கிறது என்ற விவரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அது கையில் கிடைக்காமல் பிளேயரால் ஒரு நொடியைக்கூடக் காட்ட முடியாது.

கேமராவும் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களும் இந்தப் பொருளடக்கத்தைக் கோப்பின் கடைசியில்தான் எழுதுகின்றன. அவற்றைக் குறை சொல்ல முடியாது. பதிவு முடிந்தால்தானே எது எங்கே இருக்கிறது என்று தெரியும்! கணினியில் இருக்கும் கோப்புக்கு இது பொருட்டே இல்லை, நொடியில் கடைசிக்குத் தாவிப் படித்துவிடும். அதனால்தான் என்னிடம் ஓடியது. இணையத்தின் வழியே வரும்போது, சர்வர் விவரமானதாக இருந்தால் பிரவுசர் கடைசித் துண்டை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். சர்வர் அப்படிக் கொடுக்கத் தெரியாததாக இருந்தால் முழுக் கோப்பும் இறங்கியே ஆக வேண்டும். என்னுடைய சர்வர் அப்போது அந்த ரகமாகத்தான் நடந்துகொண்டது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்றொரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டால் பொருளடக்கம் முன்னால் வந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கில் 'மூவ்ஃபிளாக்ஸ்' என்ற தெரிவுக்கு 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இளைக்க வைத்த கோப்பாக இருந்தால் மறுபடி முழு மாற்றம் தேவையில்லை. கோடெக்கின் இடத்தில் 'காப்பி' என்று கொடுத்து இந்தத் தெரிவையும் சேர்த்தால் படத்தையும் ஒலியையும் தொடாமல் பெட்டியை மட்டும் திருப்பி அடுக்கும். தரம் இம்மியும் குறையாது. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

ஆடியோ மட்டும் போதுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்

அந்த உரையையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்று நாற்பது நிமிடம் பேசுகிறார். இதில் பார்க்க என்ன இருக்கிறது? ஒற்றைத் தடத்தில் 64 கிலோபிட் எம்பி3ஆக மாற்றினால் முழு உரையும் 19 மெகாபைட்டுக்குச் சற்று மேல். நடந்துகொண்டே கேட்கலாம், இணையம் மெதுவாக இருந்தாலும் தடைப்படாது. பேச்சுக்கு இதுவே போதும். இசைக்கு இரட்டைத் தடத்தில் 128 கிலோபிட்டுக்குக் கீழே போகாதீர்கள், 192 என்றால் மனநிறைவாக இருக்கும். உரை, நேர்காணல், கதை வாசிப்பு போன்றவற்றுக்கு முதலில் ஆடியோவை வைத்துவிட்டு, விரும்புபவர்களுக்காக வீடியோவைக் கீழே வைப்பது என் வழக்கம்.

2012இல் வந்த ஓபஸ், எம்பி3யைவிடக் குறைந்த அளவில் நல்ல ஒலி தரும். ஆனால் பழைய ஆப்பிள் கருவிகளில் இடறும். எம்பி3யின் காப்புரிமை உரிமத் திட்டம் 2017இல் முடிவுக்கு வந்தது. எங்கும் ஓடும் என்பதால் தொடக்கத்துக்கு அதுவே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில் நடுவே தாவினால் சில பிளேயர்களில் நேரம் தவறிப் போய் நிற்கும். நீண்ட பேச்சுப் பதிவுக்கு மாறாத பிட்ரேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பெயரும் இடமும்

கோப்புக்கு ஆங்கிலச் சிறிய எழுத்திலும் எண்ணிலும் பெயர் வையுங்கள். இடைவெளி வேண்டாம், தேவையானால் நடுக்கோடு போடுங்கள். இதைச் சொல்ல எனக்கே மனம் ஒப்பவில்லை, தமிழில் பெயர் வைப்பதும் வேலை செய்யும்தான். ஆனால் 'பாட்டு' என்று பெயர் வைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக மூன்றெழுத்துப் பெயர் 54 எழுத்து நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். அதை யாராவது மின்னஞ்சலில் ஒட்டும்போது நடுவில் உடைந்தால் இணைப்பு போயிற்று. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பெரும்பாலான சர்வர்கள் பார்க்கும். உங்கள் கணினி பார்க்காமல் இருக்கலாம். வீட்டில் ஓடியது, ஏற்றியபின் 'கிடைக்கவில்லை' என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

எங்கே ஏற்றுவது என்பதற்கு உங்கள் ஹோஸ்டிங் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட வேண்டும். மலிவான பகிர்வுத் திட்டங்கள் சிலவற்றில் மீடியா கோப்புகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கும். இலவச இடங்களுக்கும் வரம்புண்டு: கிட்ஹப்பில் ஒரு கோப்பு 100 மெபிபைட்டை (மெகாபைட்டைவிடச் சற்றுப் பெரிய அலகு) தாண்டக் கூடாது, கிட்ஹப் பேஜஸ் தளம் மொத்தம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், கிளவுட்ஃப்ளேர் பேஜஸில் ஒரு கோப்புக்கு 25 மெபிபைட்தான். சிறு ஆடியோவுக்கு இவை சரி, வீடியோவுக்குப் பற்றாது.

அடுத்தது போக்குவரத்துக் கணக்கு. பத்து நிமிட வீடியோ, 2 மெகாபிட், ஒலியையும் சேர்த்து ஏறத்தாழ 160 மெகாபைட். இருநூறு பேர் முழுவதும் பார்த்தால் 32 ஜிபி. மாத வரம்பு அதற்குக் கீழே என்றால் தளமே முடங்கும், அல்லது கட்டணச் சீட்டு நீளும். அந்த நிலை வந்தால் பக்கங்களை இப்போதிருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மீடியா கோப்புகளை மட்டும் அமேசான் எஸ்3 போன்ற, கோப்புகளை மட்டும் வைக்கும் இணையச் சேமிப்பகத்துக்கு மாற்றலாம். அங்கே வெளியே போகும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கிளவுட்ஃப்ளேர் ஆர்2வில் அந்தக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கக்கூடிய பதிவு என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் இலவசமாகவே வைத்துக்கொள்ளும்.

சர்வர் துண்டாகத் தருகிறதா?

பிளேயரின் கோட்டில் முக்கால் பங்கு தூரத்தில் தொடுகிறீர்கள். பிரவுசர் சர்வரிடம் "இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். இதற்கு ரேஞ்ச் கோரிக்கை என்று பெயர். தெரிந்த சர்வர் 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டைத் தரும். தெரியாத சர்வர் 200 என்று சொல்லி முதலிலிருந்து முழுக் கோப்பையும் கொட்டும். ஆப்பிளின் சஃபாரி இதில் கறார்: முதலில் இரண்டே இரண்டு பைட்டைக் கேட்டு ஆழம் பார்க்கும், ஒழுங்காக வராவிட்டால் ஓட்டவே மறுத்துவிடும். 'எல்லா இடத்திலும் ஓடுகிறது, ஐபோனில் மட்டும் இல்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பரவலாகப் புழங்கும் சர்வர் மென்பொருள்களான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் சாதாரணக் கோப்புகளுக்கு ரேஞ்ச் கோரிக்கையைத் தாமாகவே மதிக்கும். கெடுப்பது நடுவில் நிற்கும் நிரல்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதற்காக ஒரு சிறு பிஎச்பி நிரலின் வழியே கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை எழுதியவன், அதாவது நான், ரேஞ்ச் கோரிக்கையைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. நிரலைத் தூக்கிவிட்டுக் கோப்பின் நேரடி முகவரியைக் கொடுத்ததும் எல்லாம் சீரானது. சொந்தக் கணினியில் ஒற்றை வரிக் கட்டளையில் தொடங்கும் சோதனை சர்வர்கள் சிலவற்றுக்கும் இது தெரியாது. அங்கே தாவல் வேலை செய்யவில்லை என்று தலையை உடைத்துக்கொள்ளாமல், ஏற்றிய பிறகு பாருங்கள்.

'பிளே' அழுத்தினால் ஓடாமல் கோப்பு இறங்கத் தொடங்குகிறதா? சர்வர் அந்தக் கோப்பு என்ன வகை என்று தவறாகச் சொல்கிறது. எம்பி4க்கு 'வீடியோ, எம்பி4' என்றும், எம்பி3க்கு 'ஆடியோ, எம்பெக்' என்றும் வகை போக வேண்டும், நடுவில் சாய்கோட்டோடு. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 'மைம் டைப்ஸ்' என்ற இடத்தில் இதைச் சேர்க்கலாம்.

பக்கத்தில் பதிப்பது

பக்கத்தை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் 'வீடியோ', 'ஆடியோ' என்ற இரண்டு டேக்குகள் இதற்கென்றே உள்ளன. கோப்பின் முகவரியை 'எஸ்ஆர்சி' பண்பில் கொடுங்கள். 'கன்ட்ரோல்ஸ்' என்ற பண்பை மறக்காதீர்கள், அது இல்லாமல் ஆடியோ டேக் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. 'பிளேஸ்இன்லைன்' என்று சேர்த்தால் ஐபோனில் வீடியோ முழுத்திரைக்குத் தாவாமல் பக்கத்துக்குள்ளேயே ஓடும். அகலம், உயரம் இரண்டையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் வீடியோ வந்து சேரும்போது பக்கம் துள்ளும்.

'பிரீலோட்' என்ற பண்புக்கு 'மெட்டாடேட்டா' என்று மதிப்புக் கொடுங்கள். அப்போது நீளமும் பொருளடக்கமும் மட்டும் முதலில் வரும். ஒரே பக்கத்தில் பத்து வீடியோ இருந்தால் 'நன்' (முன்கூட்டி எதுவும் வேண்டாம்) என்று கொடுத்து, 'போஸ்டர்' பண்பில் ஆளுக்கொரு படத்தை வைத்துவிடுங்கள். தானாக ஓடவிடும் 'ஆட்டோபிளே' வேண்டவே வேண்டாம். ஒலியோடு தானாக ஓடுவதைக் குரோம் 2018 முதலே பெரும்பாலும் தடுக்கிறது. அதை மீறி ஓடினாலும், நள்ளிரவில் பக்கத்தைத் திறந்தவர் மறுமுறை உங்கள் தளத்துக்கு வரமாட்டார்.

வசன வரிகளுக்கு வெப்விடிடி என்ற எளிய உரைக்கோப்பு. முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அந்தப் பெயரையே எழுதி, ஒரு வரி விட்டு, தொடங்கும் நேரம், அம்புக்குறி, முடியும் நேரம், அடுத்த வரியில் வசனம் என்று போக வேண்டும். எஸ்ஆர்டி என்ற இன்னொரு வகை வசன வரிக் கோப்பிலிருந்து மாற்றும்போது மில்லிநொடிக்கு முன்னால் உள்ள காற்புள்ளியைப் புள்ளியாக மாற்ற வேண்டும். இந்த ஒரு காற்புள்ளி என் அரை நாளைத் தின்றிருக்கிறது. கோப்பை யுடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும். பிறகு 'டிராக்' டேக்கில் இணைத்தால் முடிந்தது.

ஹெச்எல்எஸ் எப்போது?

பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்பத் தரம் தானாகக் கூடிக் குறைய வேண்டுமென்றால் ஹெச்எல்எஸ் தேவை. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை இது. வீடியோவை ஆறு நொடி அளவுள்ள துண்டுகளாக, இரண்டு மூன்று தரங்களில் வெட்டி, எம்3யு8 என்ற பட்டியல் கோப்பில் வரிசையாக எழுதிவைப்பார்கள். சிறப்பு சர்வர் தேவையில்லை, துண்டுகள் எல்லாம் சாதாரணக் கோப்புகள்தான். அந்தப் பட்டியல், எம்பி3 பாட்டுகளை வரிசைப்படுத்த அந்தக் காலத்தில் பயன்பட்ட எம்3யு கோப்பின் பேரப்பிள்ளை. கடைசியில் உள்ள 8, யுடிஎஃப்-8ஐக் குறிக்கிறது. சஃபாரி இதை நேரடியாக ஓட்டும். இதை நேரடியாக ஓட்டாத பிரவுசர்களுக்கு ஹெச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற நிரல்தொகுப்பைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தை மூன்று தரத்தில் வெட்டினால் 1,800 துண்டுகள். பத்து நிமிட வீடியோவுக்கு இந்தப் பாடு வீண் என்பேன்.

ஏற்றிய பிறகு

பிரவுசரில் எஃப்12 அழுத்தி 'நெட்வொர்க்' பகுதிக்குப் போங்கள். பழைய சேமிப்பைப் பயன்படுத்தாதே என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். வேகத்தை '3ஜி'க்குக் குறையுங்கள். பக்கத்தைப் புதுப்பித்து 'பிளே'யை அழுத்தி, கோட்டின் முக்கால் தூரத்தில் ஒரு தடவை தொடுங்கள். பட்டியலில் உங்கள் கோப்புக்கு நேராக 206 என்று இருக்கிறதா, தொட்ட இடத்திலிருந்து ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். 206 இருந்தும் தொடக்கம் தாமதித்தால் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது, அல்லது இந்த வேகத்துக்குப் பிட்ரேட் அதிகம். 200 என்று வந்தால் சர்வரோ நடுவில் நிற்கும் நிரலோதான் காரணம்.

அதன்பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் இணையத்தில், உங்களுடையதல்லாத ஒரு பழைய போனில் திறந்து பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு முறையும் அந்த நண்பரின் போனைத்தான் கேட்டு வாங்குகிறேன். கொடுக்கும்போது அவர் சிரிப்பார். அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.